மாலத்தீவில் பிள்ளைகளோடு ஆல் இன்க்ளூசிவ்: அறையைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: சென்னையிலிருந்து கணவன், மனைவி, 5 வயது மகள், 9 வயது மகன், கூடவே சைவம் மட்டும் சாப்பிடும் மாமியார். ஏப்ரல் விடுமுறையில் மாலத்தீவில் நான்கு இரவு. ஆல் இன்க்ளூசிவ், அதாவது எல்லாம் அடங்கிய கட்டணம் என்கிறார்களே, அது உண்மையில் எதையெல்லாம் அடக்கும்? தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லா எடுக்கலாமா? எந்த மாதிரித் தீவு பிள்ளைகளுக்கு ஏற்றது?

நான் அங்கே ஒரு ரிசார்ட்டில் முன்பதிவுப் பிரிவிலும், பிறகு வரவேற்பு மேசையிலும் வேலை பார்த்தவன். அதை வைத்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வில்லா வேண்டாம், கரையோர வில்லா எடுங்கள். கடல் விமானத்தில் போக வேண்டிய தூரத்துத் தீவு வேண்டாம், தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தீவு போதும். அறையின் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன், அறைக்கு எதிரே இருக்கும் கடல் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

மாலத்தீவில் ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. 1972இல் குரும்பாவில் முதல் ரிசார்ட் வந்ததிலிருந்து இந்த ஏற்பாடுதான். அந்தத் தீவில் ஊர் இல்லை, பெட்டிக்கடை இல்லை, எதிர்த்தெருவில் இட்லிக்கடையும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பசித்தால் ஒரு டம்ளர் பால்கூட ரிசார்ட்டிடம்தான் வாங்க வேண்டும். அவர்கள் வைத்ததுதான் விலை. காலை உணவு மட்டும் அடங்கிய அறையை மலிவாகப் பதிவு செய்துகொண்டு வருபவர்கள், முதல் நாள் மதியமே சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்து மலைத்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடாவது அடங்கிய திட்டம் அவசியம். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஆல் இன்க்ளூசிவ் என்பதற்கு எல்லாத் தீவுக்கும் பொதுவான ஒரே விளக்கம் கிடையாது. ஒவ்வொரு ரிசார்ட்டும் தனக்கென்று ஒரு தாள் வைத்திருக்கும். பெரும்பாலான இடங்களில் பிரதான உணவகத்தின் பஃபே மூன்று வேளையும், தண்ணீர், குளிர்பானம், காபி, டீ, குறிப்பிட்ட மது வகைகள், மாலைச் சிற்றுண்டி இவை உள்ளே வரும். அதே தீவில் இருக்கும் தாய் உணவகம், கடலுணவு உணவகம் போன்றவை வெளியே இருக்கும். அல்லது தங்கும் நாட்களில் ஒரு முறை மட்டும் இலவசம் என்பார்கள். ஸ்பா, மோட்டார் வைத்த நீர் விளையாட்டுகள், தனியாகப் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. அறைக் குளிர்பெட்டியில் இருப்பது சில இடங்களில் திட்டத்துக்குள், சில இடங்களில் வெளியே. ஸ்னார்க்கலிங்குக்கு, அதாவது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி மீன் பார்ப்பதற்கு வேண்டிய கண்ணாடியும் துடுப்புக் காலணியும் சில தீவுகளில் சும்மா கிடைக்கும், சிலவற்றில் நாள் வாடகை.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி வரவேற்பு மேசையில் நடப்பதைச் சொன்னால் புரியும். அப்பா கணக்கு முடிக்க வருவார். நாங்கள் அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். குளத்தங்கரையில் மகள் கேட்ட ஐஸ்கிரீம், அது திட்டத்தில் இல்லாத வேறு கடையுடையது. குளிர்பெட்டியிலிருந்து பிள்ளைகள் எடுத்த சாக்லேட். இரண்டு பேருக்கு ஸ்னார்க்கலிங் சாமான் வாடகை. டால்பின் பார்க்கப் போன படகு. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். கூட்டி, அதன் மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏற்றும்போது மனிதர் முகம் மாறிவிடும். யாரும் ஏமாற்றவில்லை, தாளில் எழுதியபடிதான் எல்லாம் நடந்தது. அந்தத் தாளை முதல் நாளே வாங்கிப் படித்திருந்தால் பாதிச் சீட்டு இருந்திருக்காது.

உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு விஷயம் முக்கியம். ஆல் இன்க்ளூசிவ் விலையில் கணிசமான பங்கு மதுவுக்கானது. மாலத்தீவில் மது முழுக்க இறக்குமதி, அதன் மேல் கடுமையான தீர்வை. வீட்டில் மூன்று பெரியவர்களும் குடிக்காதவர்கள் என்றால் பக்கத்து மேசைக்காரரின் கிளாஸுக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். ஆகவே அதே அறைக்கு ஃபுல் போர்டு, அதாவது மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் அடங்கிய திட்டத்தின் விலை என்ன என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாளுக்கு, ஆளுக்கு என்று வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்கு நீங்கள் தண்ணீரும் ஜூஸும் சிற்றுண்டியும் வாங்கித் தீர்ப்பீர்களா? தீர்க்க மாட்டீர்கள் என்றால் ஃபுல் போர்டே லாபம். சில தீவுகளில் மது இல்லாத பானத் திட்டமும் உண்டு. நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க ஜூஸ், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றால் மட்டும், குடிக்காத குடும்பத்துக்கும் ஆல் இன்க்ளூசிவ் கட்டுப்படியாகலாம். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று மறுக்காமல் இருக்கிற நிம்மதிக்கும் ஒரு விலை உண்டுதானே.

அடுத்தது வரி. விலைக்குப் பக்கத்தில் பிளஸ் பிளஸ் என்று போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டியும் சேரும் என்று அர்த்தம். இந்த ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். ஓர் இரவுக்கு 500 டாலர் என்று காட்டினால் சேவைக் கட்டணத்தோடு 550, வரியோடு 643.50. நான்கு இரவுக்கு 2,574 டாலர். இது போக பசுமை வரி என்று ஒன்று: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. நீங்கள் ஐந்து பேர், நான்கு இரவு, 240 டாலர். ஆக, 2,000 என்று மனதில் வைத்துக்கொண்டது 2,814இல் போய் நிற்கும். முகவர் சொல்லும் தொகை இவை எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை விஷயத்தில் மாமியார் வருவதால் ஒரு சிக்கல். பெரும்பாலான வில்லாக்கள் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் இருப்பவை. மூன்று பெரியவர் என்றால் பல இடங்களில் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். குழந்தைக்கு இலவசம் என்ற சலுகையும் பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு பெரியவர் தங்கும்போதுதான் செல்லும். ஆகவே இரண்டு படுக்கையறை கொண்ட குடும்ப வில்லா, அல்லது இடையில் கதவுள்ள இரண்டு கரையோர அறைகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். தனித்தனி இரண்டு அறைகள்தான் கிடைக்கும் என்றால் அடுத்தடுத்து வேண்டும் என்று பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். வந்த பிறகு கேட்டால், தீவு நிரம்பியிருக்கும் ஏப்ரலில் வரவேற்பில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது போக்குவரத்து. மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவு பல திட்டங்களில் அடங்காது. ஸ்பீட்போட்டுக்குப் பெரியவர் ஒருவருக்குப் போக வர 150 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடல் விமானத்துக்கு 500. பிள்ளைகளுக்குப் பாதி என்றால் உங்கள் ஐந்து பேருக்கு முதலாவது 600 டாலர், இரண்டாவது 2,000. கடல் விமானம் அருமையான அனுபவம்தான், மறுக்கவில்லை. பதினைந்து பேர் அளவுக்கு உட்காரும் சின்ன ட்வின் ஓட்டர் விமானம். விமானிகள் பல நேரம் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். கீழே பவளத்தீவுகள் வளையம் வளையமாகத் தெரியும். ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும். மதியம் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு இடம் கிடைப்பது சந்தேகம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்க நேரும். புறப்படும் நேரத்தை முந்தைய நாள்தான் சொல்வார்கள். மூட்டைக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு. நான்கே இரவு போகிறவர்களுக்கு, அதுவும் காத்திருக்கும் அறையில் 5 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இதெல்லாம் தேவையில்லை.

வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்திட்டுகளில், அதாவது வளையமாக அமைந்த தீவுக் கூட்டங்களில், மீரு, கானி, ஓலுவெலி போன்ற குடும்பங்களுக்கு ஒத்துவரும் தீவுகள் ஸ்பீட்போட் தூரத்திலேயே இருக்கின்றன. படகில் ஏறும்போது முன்பக்கம் போய் உட்காராதீர்கள். அலையில் முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். மாமியாரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். மற்றபடி கடல் விமானத்துக்குச் செலவு செய்யத் தயார் என்றால், ஏழெட்டு வயதைத் தாண்டிய, நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்கு நூனு திட்டில் இருக்கும் சியாம் வேர்ல்ட் மாதிரி, கடலில் மிதக்கும் பெரிய நீர்ப் பூங்கா உள்ள தீவைப் பார்க்கலாம்.

இனி கடல். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். மாலத்தீவில் தீவுகள் இரண்டு விதம். ஒன்றில் கரையிலிருந்து சில பத்து மீட்டரிலேயே பவளப்பாறை விளிம்பு வந்துவிடும். அதைத் தாண்டினால் கடல் சட்டென்று ஆழத்தில் இறங்கும். தெற்கு ஆரி திட்டில் உள்ள விலமெந்தூ தீவு அப்படிப்பட்டது. நீந்தத் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம்: கரையிலிருந்து இறங்கினாலே ஆமையும் மீன் கூட்டமும் கண்ணில் படும். இன்னொன்றில் பாறை விளிம்பு வெகுதூரம் தள்ளி இருக்கும், நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளை மணல் தரை பரந்து கிடக்கும். 5 வயதுப் பிள்ளைக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைதான். அலை பெரும்பாலும் வெளி விளிம்பிலேயே உடைந்துவிடும், உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். மெரினாவில் அலைக்குப் பயந்து பிள்ளை கையை இறுகப் பிடித்துக்கொண்டே நிற்கிறோமே, அந்தப் பதற்றம் இங்கே வெகுவாகக் குறையும். கண் மட்டும் பிள்ளை மேலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான தீவுகளில் கடற்கரையில் உயிர்காப்பாளர் நிற்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தீவின் பெயரைப் போடுங்கள். கரையை ஒட்டி வெளிர் பச்சை கலந்த நீலம் அகலமாக இருந்தால் அது ஆழமில்லாத மணல் தரை. பழுப்புத் திட்டுகள் இருந்தால் பவளமோ கடல்புல்லோ. கரைக்கு அருகிலேயே நிறம் திடீரென்று கருநீலமாக மாறினால் அதுதான் விளிம்பு. ஒரே தீவிலும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். ரிசார்ட்டின் வரைபடத்தை எடுத்து இதோடு ஒப்பிட்டு, உங்கள் அறை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, இன்ன பக்கம் வேண்டும் என்று எழுதுங்கள். பவளத்திட்டுக்குள் கடல்நீர் புகுந்து வெளியேறும் வாய்க்கால் பக்கம் இருக்கும் கரையில் நீரோட்டம் இழுக்கும். அங்கே பிள்ளைகளை இறக்கவே கூடாது. கரையில் ஏதேனும் கட்டுமானம், மணல் மூட்டைச் சுவர் இருக்கிறதா என்பதையும் அந்தப் படத்திலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

தண்ணீர் வில்லாவை ஏன் மறுக்கிறேன் என்பதும் இதனால்தான். அதன் மேல்தளத்திலிருந்து படிகள் நேராகக் கடலில் இறங்கும். பல வில்லாக்களில் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருக்காது. 5 வயதுப் பிள்ளையோடு தங்கினால் அம்மாவும் அப்பாவும் முறை வைத்துக் காவல் காக்க வேண்டியதுதான். அதனால்தான் பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே அங்கே அனுமதிப்பதில்லை, சில இடங்களில் பொறுப்பேற்பு எழுதி வாங்குகிறார்கள். கரையோர வில்லாவில் கதவைத் திறந்தால் மணல். மகள் வாளியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள், மாமியார் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். விலையும் குறைவு. படம் எடுத்துக்கொள்ள ஆசை என்றால் தண்ணீர் வில்லாக்களுக்குப் போகும் மரப்பாலத்தில் ஒரு மாலை நடந்துவிட்டு வாருங்கள்.

மாமியாரின் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். சமையலறைகளில் இந்தியர், இலங்கையர், வங்கதேசத்தவர் நிறைய. பஃபேயில் சோறு, பருப்பு, ஒன்றிரண்டு காய்கறிக் குழம்பு, தயிர் பெரும்பாலும் இருக்கும். சிக்கல் மாசியில். தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் தெரிந்த அதே மாசிக் கருவாடுதான். சூரை மீனை அவித்து, புகையூட்டி, காய வைத்தது. தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து காலையில் ரொட்டியோடு வைக்கும் மாஸ் ஹுனி, பார்வைக்கு நம் தேங்காய்ச் சம்பல் போலவே இருக்கும், உள்ளே சூரை. சம்பல் மாதிரியான எதிலும் மாசித்தூள் இருக்கலாம். வந்த அன்றே தலைமைச் சமையல்காரரைப் பார்த்து, மீன், மாசி, இறைச்சி, முட்டை எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. முந்தின நாளே சொன்னால் ரசமும் சோறும் தனியாக வைத்துத் தர அநேகமாக யாரும் மறுப்பதில்லை. அந்த மாதிரி கேட்டுச் செய்து கொடுப்பதில் அவர்களுக்கே ஒரு சந்தோஷம் உண்டு. இரவு உணவு ஏழரைக்குத்தான் திறக்கும் தீவுகள் உண்டு. கடலில் ஆடிய பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பசிக்கும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சாப்பாடு உண்டா என்று கேளுங்கள்.

ரிசார்ட்டின் பிள்ளைகள் மன்றம் (கிட்ஸ் கிளப்) பெரும்பாலும் நான்கிலிருந்து பன்னிரண்டு வயது வரை, இலவசம். உங்கள் மகள் அங்கே ஒட்டிக்கொள்வாள். மகனுக்கு அது சலித்துப்போகலாம். எட்டு வயதிலிருந்து பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் பபுள்மேக்கர் என்ற ஆரம்பப் பாடம் இருக்கிறது. நிஜமான காற்றுத் தொட்டியை மாட்டிக்கொண்டு 2 மீட்டர் ஆழத்துக்குள் மூச்சு விடப் பழகுவது. தனிக் கட்டணம்தான், ஆனாலும் வாட்டர் ஸ்கூட்டரில் ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுப்பது மேல். காசே இல்லாத வேடிக்கையும் உண்டு. சாயங்காலம் படகுத்துறை ஓரத்தில் நின்றால் முழங்கால் ஆழத் தண்ணீரில் கருப்புத் துடுப்புச் சுறாக் குட்டிகள், ஒரு முழ நீளம், கரையை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். பயப்பட வேண்டாம், ஆள் காலை எடுத்து வைத்தாலே விலகி ஓடிவிடும். கையால் தொடவோ, சோறு போடவோ விடாதீர்கள். சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் எடுத்து வரக் கூடாது என்றும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஏப்ரல் சரியான மாதம்தான், முதல் பாதி என்றால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவக்காற்றின் கடைசிக் கட்டம், கடல் அமைதி. மே வந்தால் தென்மேற்குக் காற்று தொடங்கி மழையும் அலையும் கூடும். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகளைக் கடலில் விடாதீர்கள். முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, சின்ன அளவு நீச்சல் கண்ணாடி, மிதவைச் சட்டை, ரப்பர் செருப்பு எல்லாம் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். தீவுக் கடையில் பிள்ளைகள் அளவு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை எக்கச்சக்கம். கொசுவுக்குத் தடவ மருந்து வேண்டும், டெங்கு அங்கேயும் உண்டு. பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல், வாந்தி, காது வலி மருந்துகளைச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். தீவில் மருத்துவர் இருக்கிறாரா, பக்கத்துத் தீவிலிருந்து வர வேண்டுமா என்றும் கேளுங்கள். பெரிய விஷயம் என்றால் மாலேக்குத்தான் வர வேண்டும். இந்திய உதவியோடு கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை அங்கே இருக்கிறது. பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நுழைவுக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் இமுகா (IMUGA) இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் பயணி அறிவிப்பு நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். மாமியார் கைப்பையில் சின்னப் பிள்ளையார் விக்கிரகம் வைத்திருக்கும் வழக்கம் உண்டென்றால் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகள் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மதுவும் உள்ளே கொண்டுவர முடியாது. இன்னொன்று கடிகாரம். மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் சில ரிசார்ட்டுகள் மாலையில் வெளிச்சம் நீளட்டும் என்று தங்கள் தீவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும். திரும்பும் நாளில் படகு நேரம் தீவு நேரமா, மாலே நேரமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் ரிசார்ட்டுக்கே நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஐந்து பேரின் வயதையும் எழுதி, எந்த அறை, அது தீவின் எந்தப் பக்கம், ஃபுல் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் வரி உட்பட மொத்தம் எவ்வளவு, படகுச் செலவு சேர்ந்ததா, எந்தெந்த உணவகம் அடங்கும், ஸ்னார்க்கலிங் சாமான் அடங்குமா, சைவச் சாப்பாடு உண்டா, மருத்துவர் உண்டா என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் முன்பணம் கட்டுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விளம்பரப் படங்களை மட்டும் திருப்பி அனுப்பினால் அடுத்த தீவைப் பாருங்கள்.